மூலை மடித்த பக்கம்

தார்வாடுக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளி. அங்கே ஆறாம் வகுப்பு ஆசிரியை கிரிஜா, தன் இருபத்து மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு நோட்டைத் தன் கையாலேயே தைத்தாள். மனசில் ஓடுவதை எழுதிப் பழகட்டும் என்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு கேள்வி வைத்தாள்.

முதல் கேள்வி, "இன்று யாருக்கு நன்றி சொல்லத் தோன்றியது?"

மறுநாள் பிரித்துப் பார்த்தால் இருபத்து மூன்றிலும் ஒரே பதில்: "எங்கள் ஆசிரியைக்கு."

பள்ளிச் சமையல்கூடத்தில் போய்ப் புலம்பினாள். சமையல்காரி மல்லவ்வா அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள், ஏழாவதோடு படிப்பை விட்டவள். சாம்பாரைக் கிளறிக்கொண்டே சிரித்துவிட்டாள். ஆசிரியையை அந்தப் பக்கத்தில் 'அக்கோரே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நீங்க படிப்பீங்கன்னு தெரிஞ்சா வேற என்னத்த எழுதும், அக்கோரே? சாப்பாடு எப்படின்னு நான் கேட்டாக்கூட நல்லாருக்குன்னுதான் சொல்லும். அப்புறம் பாத்தா நாய்க்குப் போட்டிருக்கும்."

"சரி தாயே, நீயே சொல்லு. என்னதான் கேக்கணும்?"

"யாருக்கும் காட்ட வேணாம்னு முதல்ல சொல்லுங்க. காட்டணும்னு தோணுனா மட்டும் அந்தப் பக்கத்து மூலைய மடிக்கட்டும். மடிச்சதத்தான் நீங்க பாக்கணும்." கரண்டியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். "கேள்வியும் இப்படி வேணாம். யார் பக்கத்துல உக்காந்தா சோறு இறங்கல? எதைச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயமா இருக்கு? யாருகிட்டயும் கேக்க முடியாம எதை வச்சிருக்கே? இப்படிக் கேளுங்க."

"இதெல்லாம் உனக்கு எப்படிடீ தோணுது?"

"தட்டோட வரிசையில நின்னு பேசுறதுங்க. என் காது என்ன செவிடா?"

இருபது வருஷம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றவள் கிரிஜா. அந்த வரிசையை ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

நோட்டுகளைப் பிரித்து, மல்லவ்வா சொன்ன கேள்விகளோடு புதிதாகத் தைத்தாள். மடித்த பக்கத்தை மட்டுமே பார்ப்பேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தாள். ஒரு வாரம்வரை ஒரு மூலைகூட மடியவில்லை. எடுத்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. சொன்ன சொல்லுக்காக அடக்கிக்கொண்டாள். எட்டாம் நாள் சிவலீலாவின் நோட்டில் ஒரு பக்கம் மடிந்திருந்தது.

"மூன்று நாளாக ரத்தம் போகிறது. நான் செத்துப்போவேனா?"

சிவலீலாவின் அம்மா வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போயிருந்தாள். வீட்டில் அப்பாவும் அண்ணன்களும்தான்.

கிரிஜா ஓடிப்போய்ச் சிறுமியைக் கூட்டிக்கொண்டு சமையல்கூடத்துக்கு வந்தாள். இரண்டு பெண்களும் அவளை நடுவில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்கள்.

"அப்ப நான் சாகமாட்டேனா?" என்றாள் சிவலீலா.

"போடி பைத்தியம், உனக்கு இன்னும் எத்தனை வருஷம் நான் சோறு போடணுமோ!" என்றாள் மல்லவ்வா. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அந்தப் பிள்ளைக்கு.

அவள் போனதும் மல்லவ்வா பாத்திரம் கழுவப் போனாள், ஒன்றும் நடக்காததுபோல. போகிற போக்கில், "பசங்களுக்குக் குரல் உடையுது பாருங்க, அதுக்கும் ஒரு பக்கம் வைங்க. அவனுங்களும் பயந்துபோய்த்தான் திரியுறானுங்க" என்றாள்.

அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கான நோட்டைத் தைத்தபோது, கிரிஜா அட்டையில் அழகாக எழுதினாள்:

கேள்விகள்: மல்லவ்வா. தையல்: கிரிஜா.