சவரிமுத்துவின் தங்கப் பல்

சுரங்கத்தில் துளையிடும் கம்பி தெறித்துச் சவரிமுத்துவின் முன்பல் போனது. கல்யாணம் நெருங்கியதால் பெங்களூருக்குப் போனான். அங்கே பல் வைத்தியர் பீங்கானில் ஒன்றும் தங்கத்தில் ஒன்றுமாக இரண்டு பல்லைக் காட்டி, "பீங்கான் வெச்சா பொய்ப் பல்லுன்னே தெரியாது" என்றார். அவன் கேட்கவில்லை. நாளெல்லாம் தங்கம் வெட்டுகிறவன் வாயில் ஒரு பொட்டாவது இருக்கட்டுமே என்று தங்கத்தையே வைத்துக்கொண்டான்.

வினை அங்கேதான் தொடங்கியது. ஷிப்டு முடிந்து மேலே ஏறினால், யாராவது தங்கம் திருடுகிறார்களா என்று கேட்டில் சோதனை. மற்றவர்கள் மடியையும் தலைப்பாகையையும் உதறினால் போதும். இவனுக்கு மட்டும், "வாயத் தொறடா!" காவல்காரன் தினமும் அந்தப் பல்லை ஆட்டிப் பார்ப்பான். நேற்று ஆட்டிய அதே பல்தான் என்பது அந்த மடையனுக்கு இரண்டு வருஷமாக உறைக்கவில்லை.

அன்று ஓய்ந்துபோய் வீட்டுக்கு வந்தவனிடம் மனைவி ஆரோக்கியம் குழந்தையை நீட்டினாள்.

"பாப்பாவுக்குப் பல்லு மொளச்சிருக்கு, பாருங்க. இன்னாங்க, அப்பிடியே நிக்கிறீங்க? வாயத் தொறந்து கொஞ்சம் சிரிங்களேன்."

சவரிமுத்து அண்ணாந்து, வாயை அகலத் திறந்து, மேலுதட்டை விரலால் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.