தண்ணீர் வராத மழை

முடிச்சூரில் ராகவன் வீட்டு மாடி ஹாலை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் வாசலிலேயே ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். அத்தனை பெரிசு. முப்பதடி நீளம், நடுவில் ஒரு தூண் கிடையாது. "இன்னா சார், கல்யாண மண்டபம் கட்றீங்களா?" என்று கட்டிய மேஸ்திரியே கேட்டுவிட்டார். மண்டபமெல்லாம் இல்லை, எல்லாம் பயத்தில் கட்டியது. 2015 வெள்ளத்தில் கீழ்வீட்டில் தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு ஏறியது. ஃப்ரிட்ஜ் படகு போல மிதந்தது. ரோஹிணியின் கல்யாணப் புடவை சேற்றில் கிடந்து நாறியது. அதற்குப் பிறகு "கீழே ஒரு ஸ்பூன்கூட வைக்க மாட்டேன்" என்று ரோஹிணி சொல்லிவிட்டாள். குடித்தனம் முழுக்க மாடிக்கு ஏறியது.

ஸ்ரீநிவாசராகவன் என்ற அவர் பெயரை பாஸ்போர்ட்டைத் தவிர வேறு யாரும் முழுசாகச் சொன்னதில்லை. மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறவர். சாது. அந்தச் சாதுவுக்கு இந்த வருஷம் நிஜமாகவே ஒரு சோதனை வந்திருந்தது. நாவலூரில் ஒன்பதாவது மாடியில் ஒரு ஃப்ளாட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு ரோஹிணி ஒற்றைக்காலில் நின்றாள். தூறல் விழுந்தாலே அவள் ஜன்னலுக்கு ஓடித் தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பாள். புது சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவள் பிரிக்கவில்லை. "எப்படியும் வித்துட்டுப் போகப்போறோம், அழுக்காக வேண்டாம்" என்பாள். யார் உட்கார்ந்தாலும் அது கிறீச்சென்று கத்தும்.

ராகவனுக்கோ இந்த வீடு உயிர். "நீ ஆசையா வந்து உட்கார்ற இடமா இந்த ஹாலைப் பண்ணிக் காட்டறேன். அப்புறம் சொல்லு" என்றார்.

"பண்ணுங்கோ பார்க்கலாம். தை பொறக்கறதுக்குள்ள. ஆனா சீட்டுப் பணத்துக்கு மேல ஒத்த ரூபா கிடையாது."

டிவி ஏற்கெனவே இருந்தது. ஆனால் அந்த ஹாலில் டிவியின் சொந்தச் சத்தம் கிணற்றுக்குள் யாரோ முனகுவது மாதிரி கேட்கும். நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் ஹாலுக்கு உயிர் வந்துவிடும் என்று ராகவன் நம்பினார். மூன்று மாதம் யூடியூபே கதியென்று கிடந்தார். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது.

ஐப்பசி பிறந்ததும் ஒரு சனிக்கிழமை, மார்க்கெட் தெருவில் இருந்த ஜமீரின் ஸ்பீக்கர் கடைக்கு இருவரும் போனார்கள். ஜமீர் முதலில் ஒரு செட்டைக் காட்டினார். ஏழு குட்டி டப்பாக்கள், நீல விளக்கு, பளபளப்பு. அதே விலைக்கு மூலையில் இன்னொன்றும் இருந்தது. விளக்கு, அலங்காரம் ஒன்றும் இல்லாத இரண்டு பெரிய மரப்பெட்டிகள், அவற்றோடு ஓர் ஆம்ப்ளிஃபயர், அடிச்சத்தத்துக்குத் தனியாக ஒரு சப்வூஃபர்.

"சின்ன ரூமுன்னா இந்த ஏழு போதும் சார். உங்க வூட்டு ஹாலு எம்மாம் பெரிசு?"

ராகவன் சொன்னார். ஜமீர் விசிலடித்தார்.

"அப்போ இந்த ஏழும் காணாம பூடும். பெரிசா ஏழு வேணும்னா உங்க பட்ஜெட்டு தாங்காது."

"ஏழு இருந்தாத்தானே நாலா பக்கமும் சத்தம் வரும்?" என்று ராகவன் இழுத்தார். யூடியூப் அப்படித்தான் சொல்லியிருந்தது.

"ஏழு பேர் கிசுகிசுக்கறதுக்கு ரெண்டு பேர் வாயைத் திறந்து பேசினாலே போதும்" என்றாள் ரோஹிணி.

ஜமீர் சிரித்துவிட்டார். "அக்கா கரெக்டா சொல்ட்டாங்க சார். எடுத்துகினு போங்க. நாலு நாள் வச்சுப் பாருங்க. புடிக்கலன்னா வந்து குடுத்துடுங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காற்றுக்காக ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். எதிரொலி அடங்கத் தரையில் இரண்டு ஜமக்காளத்தை விரித்து, ஒயர்களை மாட்டி, ஏதோ ஒரு படத்தைப் போட்டுவிட்டு ராகவன் சோபாவில் உட்கார்ந்தார். கிறீச். ரோஹிணி ஹாலின் மறுகோடியில், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வசனம் வந்தது. ராகவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேசுகிறவர் ஹாலுக்குள்ளேயே நின்று பேசுகிற மாதிரி அத்தனை தெளிவு! ஒரு பெண் வளையலைக் கழற்றி மேசையில் வைத்தாள். வைத்த இடம்கூடக் காதுக்குத் தெரிந்தது. உற்சாகத்தில் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

அப்புறம் ஓட்டின்மேல் டப்பென்று ஒரு சொட்டு விழுந்தது. தள்ளி இன்னொன்று. வாழையிலையில் ஒன்று. ராகவனுக்குத் திக்கென்றது. படத்தில் மழைக்காட்சி இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. ரிமோட்டைத் தேடினார். அந்தச் சனியன் சோபாவின் பிளாஸ்டிக் மடிப்புக்குள் எங்கேயோ போய்விட்டது. அதற்குள் பிடித்துக்கொண்டது மழை. முப்பதடி ஹாலும் நனைந்துவிட்டதைப் போல இருந்தது. இடி ஒன்று உருண்டு வந்து தரை வழியாக அவர் காலில் ஏறியது. தேடுவதை மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பயமும் பரவசமும் ஒன்றாக வந்தன. இரண்டு மரப்பெட்டிக்குள் இத்தனை வானமா!

"ஐயோ, துணி!" என்று ரோஹிணி மொட்டை மாடிக் கதவுக்கு ஓடினாள்.

கதவைத் திறந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். வெளியே மழையும் இல்லை, மேகமும் இல்லை. செவ்வானத்துக்குக் கீழே கொடியில் துணி மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. முதுகுக்குப் பின்னால் அடைமழை கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் அழப்போகிறாள் என்று நினைத்து ராகவன் எழுந்து போனார். ரோஹிணி அழவில்லை. கையை வெளியே நீட்டி உள்ளங்கையைப் பார்த்தாள். பொட்டு ஈரமில்லை.

"இந்த மழைக்குத் தண்ணியே இல்லை" என்றாள் மெதுவாக. "இத்தனை வருஷத்துல தண்ணியை நெனைக்காம மழையைக் கேட்டதே இல்லை. எவ்வளவு அழகா இருக்கு."

ராகவனும் கையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் தெருவிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. முடிச்சூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெருமழை என்று தெரிந்தால் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு, முதல் வேலையாகக் காரைக் கொண்டுபோய் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் நிறுத்திவிடுவார்கள். இடி கேட்டதும் யாரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு பிரிட்டோ லுங்கியோடு காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நாலு கார்கள் வழி கேட்டு அலறின. பிரிட்டோவின் மனைவி செல்வமேரி இடுப்பில் அரிசி டப்பாவோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

ரோஹிணி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கத்தினாள். "பிரிட்டோ அண்ணா! மழை இல்லை! எங்காத்து ஸ்பீக்கர்!"

பிரிட்டோ காரிலிருந்து தலையை நீட்டி வானத்தைப் பார்த்தார். அப்புறம் ரோஹிணியைப் பார்த்தார். "இன்னாக்கா இது, ஒரே பேஜாரா கீது!"

கால் மணி நேரத்தில் பாதித் தெரு அவர்கள் ஹாலில் இருந்தது. யாருக்கும் கோபமில்லை. எல்லாருக்கும் அந்த மழையை ஒரு தரம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். மறுபடி போட்டார்கள். இதே தெருவில் படகில் போனவர்கள் அத்தனை பேரும் ஜமக்காளத்தில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து மழையைக் கேட்டார்கள். செல்வமேரி அரிசி டப்பாவை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பிரிட்டோ சோபாவில் அசைந்தார். கிறீச்.

"எழுந்திருங்கோ அண்ணா" என்றாள் ரோஹிணி. கத்தரிக்கோலைக் கொண்டுவந்து சோபா உறையைச் சரசரவென்று கிழித்துச் சுருட்டி எறிந்தாள். "இந்தச் சனியன் சத்தத்துல மழையே சரியா கேக்கலை."

ரிமோட் தொப்பென்று தரையில் விழுந்தது. ராகவன் அதை எடுக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாவலூர் போச்சு என்று அப்போதே தெரிந்துவிட்டது என்று பிற்பாடு எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டார். பொய். அன்றைக்கு அவருக்குச் சந்தேகம்தான். நிஜமழை என்று ஒன்று இன்னும் பாக்கி இருந்ததே.

அது கார்த்திகையில் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ராகவன் சோபாவில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். இடியில் திடுக்கிட்டு விழித்தபோது ஹால் முழுக்க மழைச் சத்தம். டிவி அணைந்திருந்தது. மொட்டை மாடிக் கதவு திறந்திருந்தது.

எழுந்து ஓடினார். நிலைப்படியில் ரோஹிணி நின்றுகொண்டிருந்தாள். கொடியில் துணியெல்லாம் தொப்பலாக நனைந்து தொங்கியது. கீழே பிரிட்டோ ஜன்னலைக்கூடத் திறக்காமல் உள்ளேயிருந்து கத்தினார். "யக்கா, கொஞ்சம் சவுண்டைக் கொறைங்கக்கா! தூங்க முடியல!"

"ரோஹிணி..." என்றார் ராகவன்.

அவள் திரும்பவில்லை. தலையைச் சாய்த்து மழையை ஆர அமரக் கேட்டாள். சாரல் அவள் கன்னத்தில் வழிந்தது.

"பரவாயில்லை" என்றாள். "ஆனா நம்ம ஸ்பீக்கர் அளவுக்கு இல்லை."