இருபது நிமிட அளவு

1
இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். கை இறக்கம் குறைக்கக் கொடுத்திருந்த சட்டையை வாங்கத் தையல்கடைக்குப் போயிருந்தேன். திரைக்குப் பின்னால் தையல்கார அக்கா ஒரு பெண்ணுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணின் மாமியார்.

"ஒரு சட்டைக்கு இவ்ளோ நேரமாம்மா?"

"தோள் சரியா வரல பெரியம்மா. மறுபடி எடுக்கிறேன்" என்றாள் அக்கா.

இருபது நிமிடம் ஆயிற்று. எந்தத் தோளுக்கும் இருபது நிமிடம் ஆகாது.

2
நச்சரித்துக் கேட்டதில் கிடைத்த விவரம்: அக்கா எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்கிறாள். மருத்துவமனைக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அங்கே வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். யார் போவார்கள்? அதனால் ஊர்க்காரர்கள் சிலருக்கே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், இருபது நிமிடக் காத்திருப்பு. ஆணுறை கேட்பவர்களுக்குப் பட்டன் கவரில் போட்டுக் கொடுப்பாள். (பட்டன் கவர் என் கற்பனை இல்லை. இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.)

அவள் பரிசோதனை செய்வது ஊருக்கே தெரியும். யார் சட்டைக்கு வந்தார்கள், யார் அதற்கு வந்தார்கள் என்பதுதான் தெரியாது.

"எழுதிக்கோ. ஆனா என்கிட்ட காட்டிட்டுத்தான் வெளிய விடணும்" என்றாள்.

3
முதல் தொடக்கம்:

[நிறம் நீக்கப்பட்டது] துணியில் [நீக்கப்பட்டது] பட்டன் வைத்துத் தைக்க வந்த, [தொழில் நீக்கப்பட்டது] பார்ப்பவனின் மனைவி, தன் [நீக்கப்பட்டது] காலை லேசாக

படித்ததும் அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"இந்தப் பட்டன் இந்த ஊர்லயே ஒருத்திக்குத்தான் தைச்சேன்."

அந்தப் பட்டனை நினைத்துத்தான் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

"இதை ஒருத்தர் படிச்சா போதும். அவ மட்டுமில்ல, அப்புறம் ஒருத்தியும் அந்தத் திரைக்குப் பின்னால வர மாட்டா. மூணு வருஷம் ஆச்சு இவங்கள வரவைக்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. என் தொழிலில் கெட்டிக்காரத்தனம் என்று பெயர் வாங்குவது அவள் தொழிலில் காட்டிக்கொடுப்பது. பேனாவை அவளே வாங்கி அடையாளம் காட்டுகிற வார்த்தைகளையெல்லாம் அடித்தாள். துணி வெட்டுகிற கை, தயங்கவில்லை.

4
அவள் விட்டுவைத்தது இவ்வளவுதான்: அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது குழந்தை வேண்டும். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால் வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார்களோ என்று பயம். ("இது பாதிப் பேர் சொல்றதுதான். இருக்கட்டும்.")

முடிவு ஒன்று: தொற்று இல்லை. வியாழக்கிழமை வந்து சட்டையை வாங்கிப்போனாள்.

முடிவு இரண்டு: தொற்று இருக்கிறது. மருத்துவமனையில் உறுதிசெய்து, தினமும் மாத்திரை. வியாழக்கிழமை வந்து சட்டையை வாங்கிப்போனாள்.

இரண்டாவது முடிவில், முதலில் எழுதியபோது அவளை அழவைத்துப் பிறந்த வீட்டுக்கு பஸ் ஏற்றியிருந்தேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எதுக்கு இவளத் துரத்துற? ஒழுங்கா மாத்திரை போட்டா எல்லாரையும் மாதிரி இருப்பா. குழந்தைக்கு வராமலும் பாத்துக்கலாம்."

"சரிக்கா, இதுல எது நடந்தது?"

"சட்டை நல்லா பொருந்துச்சு" என்றாள்.

5
இந்தப் பகுதியை எழுத மட்டும் சம்பந்தப்பட்ட இருவரிடமும் அக்கா அனுமதி வாங்கித்தந்தாள். அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் கணவன் வந்தான். ஆயுசில் ரெடிமேட் தவிர வேறு போட்டறியாதவன்.

"பேன்ட் தைக்கணும்."

"துணி எங்க தம்பி?"

"அளவு மட்டும் எடுங்கக்கா."

திரைக்குப் பின்னால் போனான். வெளியே பெஞ்சில் இந்த முறை மனைவி. காலை ஆட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. இதற்குமேல் ஒரு கதைக்கு என்ன வேண்டும் என்று பேனாவை மூடினேன்.

6
மூடவிடவில்லை. எல்லாப் பக்கத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு அக்கா கேட்டாள்:

"இவ்ளோ எழுதுறியே, நீ டெஸ்ட் எடுத்திருக்கியா?"

"நான் கதைக்காக வந்தவக்கா."

"இங்க எல்லாரும் சட்டைக்காகத்தான் வர்றாங்க."

ஆகவே இந்தக் கடைசிப் பகுதியைத் திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுதுகிறேன். இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது. ரிசல்ட் வந்ததும் உங்களிடம் சொல்லப்போவதில்லை. அக்காவிடம் கேட்டால், என் சட்டையின் கை இறக்கம் சரியாகிவிட்டது என்பாள்.

வெளியே பெஞ்சில் யாரோ, "இவ்ளோ நேரமா?" என்று கேட்கிறார்கள். அது நீங்களாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அடுத்தது நீங்கள்தான்.