நாலு மணிக்கு ஏறும் மீட்டர்

எங்கள் வில்லா ஹுவானா பேட்டையில் கம்பத்தை அண்ணாந்து பார்த்து மீட்டர் கணக்கு எழுதும் ஆள் வருவது நின்று மூன்று மாதமாகிறது. இப்போது மீட்டரே தன் கணக்கைச் சொல்லிவிடுகிறது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வீட்டுக்காரரின் செல்போனில் ஒரு குச்சி முளைக்கும். வீட்டில் மின்சாரம் அதிகம் ஓடினால் நெட்டைக் குச்சி, குறைவாக ஓடினால் குட்டைக் குச்சி. கல்யாணம் நெருங்கும் நேரத்தில் ஒரு பெண்ணின் கையில் கொடுக்கக்கூடாத சாமான் அது.

கல்யாணப் பெண் மிரேயாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை ஹெனாரோ, அடுத்த வீடு. ஷேர் டாக்ஸி ஓட்டுகிறவன். அவனைப் பற்றி நினைத்தாலே மிரேயாவுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். கல்யாணத்துக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது.

வில்லங்கம் போன சனிக்கிழமைதான் தொடங்கியது. அன்றுதான் முதல்முறையாக அந்த நேரத்தில், கடையில் நின்றபடி செல்போனைப் பார்த்தாள். பூட்டிக் கிடக்கும் அவள் வீட்டில், நாலேகாலுக்கு ஒரு நெட்டைக் குச்சி. நாலரைக்கு இன்னொன்று. அப்புறம் அடங்கிவிட்டது.

"பிரிட்ஜா இருக்கும்மா," என்றாள் மகள் யானிரிஸ். அவளும் அதே கடையில்தான் வேலை பார்க்கிறாள்.

"பிரிட்ஜுக்கு என்னடி சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமை? இது இஸ்திரிப் பெட்டி. உங்கப்பாதான்."

யானிரிஸின் அப்பா தாமசோ செத்து நாலு வருஷமாகிறது. உயிரோடு இருந்தவரை சனிக்கிழமை நாலு மணிக்கு வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்ப்பான். ஆறு மணிக்கு நடனத்துக்குப் போவான். வேறு எந்த வேலைக்கும் அவனிடம் நேரம் தவறாமை என்கிற பேச்சே கிடையாது. சாகக் கிடந்தபோதுகூட, "நீ வேற ஒருத்தனோட ஆடப் போனா நான் சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வந்து நிப்பேன்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போது மிரேயாவைத் தூங்கவிடவில்லை.

இந்தச் சனிக்கிழமை அவள் ஒரு முடிவோடு கிளம்பினாள். பிரிட்ஜில் இருக்கும் பால் கெட்டால் கெடட்டும் என்று மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு வீட்டைப் பூட்டினாள். இனி ஒரு நெட்டைக் குச்சி ஏறினால் அது பேய். பேய் என்றால் கல்யாணம் இல்லை. செத்தவனை வீட்டில் வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பவனோடு குடும்பம் நடத்த அவளால் ஆகாது.

நாலேகாலுக்குக் குச்சி ஏறியது. போன வாரத்தைவிட நெட்டையாக.

மிரேயா பேயறைந்தவள் மாதிரி சீப்பைக் கீழே போட்டாள். "முடிஞ்சுது. மோதிரத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வரேன்."

"டோன்யா மிரேயா, என் தலை?" என்று அலறினாள் நாற்காலியில் இருந்தவள். பாதித் தலையில் முடி சுருட்டும் உருளைகள் மாட்டியிருந்தன, மீதித் தலை ஈரமாகத் தொங்கியது.

"கூட வா! வழியில மாட்டுறேன்!"

மாட்டவில்லை. முன்னால் மிரேயா அழுதுகொண்டு ஓட, பின்னால் யானிரிஸ், அவளுக்குப் பின்னால் அரைத் தலைக்காரி. மளிகைக் கடை வாசலில் டோமினோ ஆடிக்கொண்டிருந்த நாலு பேரும் கட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்கள். எங்கள் தெருவில் யாராவது ஓடினால் காரணம் கேட்பதில்லை, கூட ஓடுவதுதான் வழக்கம்.

ஹெனாரோவின் கதவு திறந்தே கிடந்தது. மிரேயா மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள்.

"என்னை மன்னிச்சிரு ஹெனாரோ. தாமசோ திரும்பி வந்துட்டான். இப்போ, இந்த நிமிஷம், என் வீட்டுல சட்டை தேய்ச்சிட்டிருக்கான்."

"அவன் வீட்டுல அவன் தேய்க்கட்டும், என் வீட்டுல நான் தேய்க்கிறேன். அதுக்கு எதுக்கு மோதிரத்தை நீட்டுற, என் ராணி?" என்றான் ஹெனாரோ.

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். அவன் பனியனோடு நின்றுகொண்டிருந்தான். மேஜைமேல் சட்டை, கையில் ஆவி பறக்கும் இஸ்திரிப் பெட்டி.

யானிரிஸ் செல்போனைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். "மாமா, நீங்க எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க?"

"சனிக்கிழமைன்னா நாலு மணி. ஆறு மணிக்கு உங்கம்மாவைப் பார்க்க வரணும்ல? கசங்கின சட்டையோட வந்தா வாசல்லயே நிறுத்திருவா."

"அணைங்க! பெட்டியை அணைங்க!"

அணைத்தான். எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே செல்போனைச் சுற்றி நின்றார்கள். கால் மணி நேரம் அரை நாளாக நகர்ந்தது. முளைத்தது ஒரு குட்டைக் குச்சி.

"போடுங்க மாமா!"

போட்ட மூன்றாவது நிமிடம் மின்சாரமே போய்விட்டது. தெரு முழுக்க ஒரே குரலில் "அய்யய்யோ!" அரைத் தலைக்காரி மின்சார நிறுவனத்தின் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். டோமினோக்காரர்களில் ஒருவர்தான், "இப்படித்தான் அன்னைக்கும் போச்சு, மீட்டர் மாட்டினப்போ," என்றார்.

எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. மீட்டர் மாட்டும் ஆட்கள் கம்பத்தில் ஏறிய சமயத்தில் மின்சாரம் இல்லை. எந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்க்க அது வரட்டும் என்று காத்திருந்தார்கள். வந்ததும் தெரு வழக்கப்படி எல்லோரும் "வந்துருச்சு!" என்று கூவிக் கைதட்ட, கம்பத்தின் மேலிருந்தவர்களும் கைதட்டி, அந்தக் குஷியிலேயே பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார்கள்.

"அப்போ என் போன்ல தெரியிறது..." என்று இழுத்தாள் மிரேயா.

"என் வீடு," என்றான் ஹெனாரோ. அவன் முகம் மெதுவாகச் சிவந்தது. "அப்போ என் போன்ல தெரியிறது நீதானா?"

"என்ன தெரியுது?"

"தினம் காலையில ஆறு மணிக்கு ஒரு நெட்டைக் குச்சி. நான் அஞ்சுக்கே வண்டி எடுத்துருவேன், வீடு பூட்டிக் கிடக்கு. ஆனா உள்ள யாரோ முடி காய வைக்கிறாங்க. எனக்குப் பயமே வரலை மிரேயா. கல்யாணத்துக்கு முன்னாடியே நீ வந்துட்டேன்னு நினைச்சுக்குவேன். அன்னைக்குப் பூரா சந்தோஷமா ஓட்டுவேன். பைத்தியம்னு சொல்லுவீங்கன்னுதான் வாயைத் திறக்கலை."

ஒரு வாரத்துக்கு முன்புவரை மிரேயாவின் நெஞ்சில் இருந்த சந்தோஷம் அப்படியே திரும்பி வந்து, கூடவே இன்னும் கொஞ்சத்தையும் கொண்டுவந்தது. அவன் வாங்காமல் தன் கையிலேயே இருந்த மோதிரத்தை மறுபடி விரலில் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து விளக்கு எரிந்தது. "வந்துருச்சு!" என்று தெருவே கூவியது. யார் எதற்குக் கூவினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அரைத் தலைக்காரி டோமினோக்காரர் ஒருவரின் கையைப் பிடித்து ஆடவே தொடங்கிவிட்டாள்.

"நாளைக்கே ஆபீசுக்குப் போன் பண்ணி மாத்தச் சொல்றேன்," என்றாள் யானிரிஸ்.

"கை வச்சே, தெரியும்!" என்று செல்போனைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள் மிரேயா. "இன்னும் ஒரு சனிக்கிழமை இருக்கு. கல்யாணத்தன்னைக்கு நாலு மணிக்கு இந்த மனுஷன் சட்டை தேய்க்கிறானா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."