இருபத்து மூன்றாம் ஆளின் குரல்

இருபத்து மூன்றாம் ஆளின் ஒலிப்பதிவில் நாற்பது நிமிடம் வரை மூச்சுச் சத்தம்தான். ஆள் எப்போது பேசினார், எப்போது அழுதார் என்று குறித்து, அதை மூளை அலைகளோடு பொருத்திப் பார்ப்பது அவள் வேலை. தீராத மனச்சோர்வுக்குக் காளானிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்து, அது ஏறியிருக்கும் ஆறு மணி நேரமும் மூளை என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆய்வு. மூன்று ஊர்களில் நடந்தது. ஆட்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். இந்த எண்ணின் அலைகளில் மனச்சோர்வின் பழைய தடமெல்லாம் கலைந்து கிடந்தது. "நம்ம ஆய்வுல கெடச்ச முத்து இதுதான்" என்று துறைத்தலைவர் போன வாரம் பூரித்துப் போயிருந்தார்.

நாற்பத்தோராவது நிமிடத்தில் ஆள் செருமினார். அந்தச் செருமலிலேயே அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அண்ணன். ரயிலில் எட்டு மணி நேரத் தொலைவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். வாயைத் திறந்தால் நாலு பேர் சிரிப்பார்கள். அவனுக்கா மனச்சோர்வு?

"அப்பா வழுக்கி விழல. சட்டைய மடிச்சு வச்சுட்டு அவராத்தான் ஆத்துல எறங்குனாரு. என்னத் திரும்பிப் பாத்தாரு. நான் கத்தல." நீண்ட மூச்சு. "தங்கச்சி சின்னப் புள்ள. பாசி வழுக்கிடுச்சுன்னு நான்தான் சொன்னேன்."

இருபத்தெட்டு வருஷமாக அவள் அந்தப் பாசியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

கை தானாக நேரத்தைக் குறித்தது. திரையில் அலைகள் அமைதியாக ஓடின. அவன் வாழ்க்கையிலேயே பாரம் குறைந்த நிமிடம் அதுவாக இருக்கலாம்.

துறைத்தலைவரிடம் போய், இந்த எண்ணை இனி தான் தொடக்கூடாது என்றாள். ஏன் என்றார். "கூடப் பிறந்தவன் சார்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கேட்டதை அவனிடம்கூடச் சொல்லக்கூடாது என்று மெதுவாக நினைவூட்டினார். அவளுக்குத் தெரிந்த விதிதான். ஊமை கண்ட கனவு.

நான்காம் நாள் அண்ணனே போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், வீட்டில் அவள் மட்டும் இருந்தால் போதும் என்றும் சொன்னான். வழக்கமான கிண்டல் ஒன்றுகூட இல்லை.

வந்தான். இளைத்திருந்தான். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான்.

"ஒண்ணு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாத."

"சொல்லுண்ணா" என்றாள், எதுவும் அறியாத முகத்தோடு.

ஒரு ஷூ தரையில் கிடந்தது. மற்றதன் கயிற்றைப் பிடித்தபடி, அவிழ்க்காமல், அந்த முகத்தில் எதையோ கண்டுகொண்டவன்போல் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.