எப்போதும் அனுமதி

ஞாயிற்றுக்கிழமை காலை, உரித்துக்கொண்டிருந்த பட்டாணியைப் பாதியில் ஒதுக்கி வைத்துவிட்டு அவள் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பது அவள் வேலை. புதிதாக வந்திருக்கும் லென்ஸ் பற்றிய பாடத்தை வீட்டிலேயே பார்த்து முடித்துவிட்டு வரும்படி முதலாளி சொல்லியிருந்தார். பாடம் ஓடவே இல்லை. பிரவுசருக்குள் வீடியோ ஓட வைக்கும் பிளகின், இந்தத் தளம் உங்கள் கணினியில் சேமிக்கக் கூடுதல் இடம் கேட்கிறது என்று ஒரு குட்டிப் பெட்டியை நீட்டியது. சரி என்று அழுத்தினாலும் போகாமல், கடன்காரனைப் போல அங்கேயே நின்றது. பிளகினுக்கென்று தனியாக ஒரு செட்டிங்ஸ் உண்டு, அதற்குள் போய் மாற்ற வேண்டும் என்று கடையில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது.

போய்ப் பார்த்தாள். எந்தெந்தத் தளம் இந்தக் கணினியில் எதைச் சேமித்திருக்கிறது, எதற்கு கேமரா, எதற்கு மைக் என்று வரிசையாக ஒரு பட்டியல். முதலில் லென்ஸ் கம்பெனி. அப்புறம் செய்தி, பாட்டு, கணவர் ஆடும் சீட்டாட்டம். ஐந்தாவதாக இருந்த பெயரை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதன் நேரே கேமரா: எப்போதும் அனுமதி. மைக்: எப்போதும் அனுமதி. கடைசியாகத் திறந்தது வியாழக்கிழமை, மாலை நான்கு மணி.

ஞாயிறோடு வியாழக்கிழமையும் அவருக்கு விடுமுறை. அவள் இரவு எட்டு வரை கடையில் இருப்பாள்.

பிரவுசரில் இதுவரை பார்த்த பக்கங்களின் கணக்கைத் திறந்தாள். புதன் இருந்தது, வெள்ளி இருந்தது. நடுவில் வியாழன் மட்டும் பல் விழுந்த ஈறு போல வெறுமையாக இருந்தது. அதற்கு முந்தின வியாழனும் அப்படியே. யாரோ கவனமாகத் துடைத்திருக்கிறார்கள். பிளகின் தனக்கென்று வேறொரு பட்டியல் வைத்திருக்கும் என்பது மட்டும் துடைத்தவருக்குத் தெரியவில்லை.

"டாக்டரம்மா!" குளியலறைப் பக்கமிருந்து குரல் வந்தது. கண் பார்க்கிறவள் என்பதால் அவர் வைத்த பெயர் அது. அவர் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக், வீட்டில் எது கிறீச்சிட்டாலும் பொறுக்காது. "பாடம் முடிஞ்சுதா? பரீட்சைல கோட்டை விட்டா வீட்டுக்குள்ள சேக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"படம் ஓட மாட்டேங்குது."

"என்னைக் கேக்காத தாயே. எனக்கு மேல போறதும் கீழ வர்றதும்தான் தெரியும்."

வழக்கமாக அவள் சிரிக்கும் இடம் அது. அன்று அவள் மறுபடியும் பட்டியலையே பார்த்தாள்.

இருவருக்குமே இது இரண்டாவது கல்யாணம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு பதினாறு மாதங்கள் ஆகின்றன. கடல் கடந்த ஊரில் இருக்கும் அவருடைய ஒரே மகள் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அவர் சொன்னார். அதற்கு மேல் இவளும் கேட்கவில்லை. இவளுடைய முதல் கணவன் எதையும் மறைக்காதவன் போல இருந்தவன். மேசை எப்போதும் துப்புரவாக இருக்கும், சட்டைப் பையில் ஒரு பேருந்துச் சீட்டுகூட இருக்காது. அந்தத் துப்புரவுக்குள்தான் நான்கு வருடப் பொய் குடியிருந்தது. அன்றிலிருந்து அழுக்கைப் பார்த்தால் அவளுக்கு நிம்மதி. துடைத்து வைத்த இடத்தைப் பார்த்தால்தான் பயம்.

அந்தப் பெயரை அழுத்திப் பார்த்தாள். முகம் பார்த்துப் பேசுகிற தளம். முகப்பில் ஒரு பெண் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'உங்கள் மனதுக்கு நெருக்கமானவர் ஒரு சொடுக்கில்' என்று கீழே எழுதியிருந்தது. அவள் அதை உடனே மூடினாள்.

அக்காவைக் கூப்பிட்டபோது, அக்கா முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"அடியே, வியாழக்கிழமை வியாழக்கிழமை அந்த மனுஷன் ஷேவ் பண்றாரா?"

இவள் யோசித்தாள். விடுமுறை நாளில் யார் சவரம் செய்வார்கள்? ஆனால் வியாழன் இரவு அவர் கன்னம் வழவழப்பாகத்தான் இருந்தது. தனக்காக என்று நினைத்து அவள் பூரித்திருக்கிறாள்.

"பண்றாரு."

"அப்ப நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. நேரா கேட்டுடு."

கேட்க முடியவில்லை. பாம்பு என்று தாண்டவும் முடியவில்லை, பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை. கேட்டு அவர் ஆமாம் என்றால் இந்த வீட்டில் அவளுக்கு இருப்பு இல்லை. கேட்டு இல்லை என்றாலும், நம்பாதவள் என்று ஆகிவிடும். மாலையில் அவர் பால் வாங்கப் போன நேரம் மறுபடியும் அந்தப் பட்டியலைத் திறந்தாள். கேமராவுக்கான அனுமதியை 'மறு' என்று மாற்றினாள். மைக்குக்கும் அப்படியே. வியாழக்கிழமை என்ன ஆகிறது, பார்க்கலாம். இனி அவள் தடமும் அந்தக் கணினியில் இருந்தது.

வியாழன் மதியம் தலைவலி என்று சொல்லி அனுமதி கேட்டாள். கல்லாவில் இருந்த கடைக்கார அம்மா சிரித்தார். "புது மாப்பிள்ளைக்கு லீவு, நம்ம பொண்ணுக்குத் தலைவலி. நடக்கட்டும், நடக்கட்டும்."

நான்கைத் தாண்டி ஐந்து நிமிடம். பூட்டில் சாவியை ஓசையில்லாமல் திருப்பினாள். கதவு சத்தமே போடவில்லை. அதற்கும் அவர் எண்ணெய் போட்டிருந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். சொந்த வீட்டுக்குள் திருடியைப் போல நுழைகிறோமே என்று ஒரு கணம் கூசியது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"தெரியுதாம்மா? நான் இங்கதான்டா இருக்கேன். எனக்கு உன்னைத் தெரியுது... நான் பேசறது கேக்குதா? அய்யோ, போயிடாத. இரு, இரு கண்ணு."

அவள் சுவரில் சாய்ந்தாள். அம்மா, டா, கண்ணு. அந்தக் குரலில் சிரிப்பில்லை, குழைவுமில்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து பேசுகிற குரல் அது.

கதவு படாரெனத் திறந்தது. இஸ்திரி போட்ட நீலச் சட்டை, வழித்த கன்னம், நெற்றியெல்லாம் வியர்வை. யாரையோ உதவிக்குக் கூப்பிட ஓடி வந்தவர், கையில் செருப்போடு நிற்கும் மனைவியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீ... எப்ப வந்த?"

"இப்பதான்."

அவர் செருப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உள்ளே திரையைத் திரும்பிப் பார்த்தார். மறைப்பதா வேண்டாமா என்று அவர் முகம் கணக்குப் போட்டு முடிக்க ஒரு மூச்சு நேரம்தான் ஆனது.

"என் பொண்ணு. எல்லா வியாழனும் வருவா. உனக்குத் தெரியக் கூடாதுன்னு..." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீ வீட்ல இல்லாதப்பதான் பேசுவேன்னா. உன் பேச்சே எடுக்கக் கூடாதுன்னா. பேசி முடிச்சதும் எல்லாத்தையும் அழிச்சிடுங்கன்னு அவதான் சொல்லிக் குடுத்தா. நானும் சரின்னுட்டேன். பதினாலு மாசமா பேசாதவ, ரெண்டு மாசமாத்தான் பேசறா."

வேறொரு பெண் இல்லை. அந்த நிம்மதி முதலில் வந்தது. அதன் பின்னாலேயே வேறொன்று ஏறியது. வாரத்துக்கு ஒரு மணி நேரம், இதே வீட்டில், அவள் இல்லவே இல்லை.

"என் பேச்சே எடுக்க மாட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "திட்டணும்னா அப்புறம் திட்டு, டாக்டரம்மா. என் படம் தெரியல, குரல் போகல. அவ கெளம்பிடுவா. நான் வேணும்னே ஒளிஞ்சுக்கிட்டேன்னு நெனைப்பா."

திரையில் ஒரு பெண் கீழே குனிந்து எதையோ தட்டெழுதிக்கொண்டிருந்தாள். உச்சந்தலை வகிடு மட்டும் தெரிந்தது. பக்கத்தில் எழுத்துகள் வந்து விழுந்தன: *அப்பா, கருப்பாத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு நிமிஷம் பாப்பேன்.*

அவள் செருப்பைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தாள். செட்டிங்ஸ், தளங்களின் பட்டியல், ஐந்தாவது பெயர். மூன்றே சொடுக்கு. எங்கும் தயங்கவில்லை, எதையும் தேடவில்லை. 'மறு' என்ற சொல்லின் மேல் அம்பு போய் நின்ற பிறகுதான், பின்னால் அவருடைய மூச்சு ஒரு கணம் நின்றது அவளுக்குக் கேட்டது.

"நீயா?" என்றார் மெதுவாக.

"ஆமா."

வெளியே யாரோ மாடிப்படி ஏறிப் போனார்கள்.

"நான் எழுந்துக்கறேன். நீங்க உக்காந்து அமுக்குங்க. அவ என்னைப் பாக்க வேண்டாம்."

எழப் பார்த்தாள். நாற்காலி நகரவில்லை. அதன் முதுகுப் பலகையை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கோபத்தில் பிடித்திருக்கிறாரா, அவளை இருக்கச் சொல்லிப் பிடித்திருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"எதை அமுக்கணுமோ, நீயே அமுக்கு," என்றார்.

மைக்கை மாற்றினாள். கேமராவை மாற்றினாள். எப்போதும் அனுமதி. திரையின் மேல்விளிம்பில் பச்சைப் புள்ளி எரிந்தது. மூலையில் ஒரு சின்னச் சதுரம் திறந்தது: வியர்வையில் நனைந்த நீலக் காலர், அதன் கீழே வகிடு கலைந்து, கடை அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே அவள்.

அங்கே தட்டெழுதிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. மகள் நிமிர்ந்தாள். அவருடைய அதே அகலமான நெற்றி, அதே காது. மூக்குக்கண்ணாடியின் வலது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. இப்படிப் போட்டால் சாயங்காலமானால் தலை வலிக்கும் என்று, கேட்காமலே, இவளுக்குள் ஓடியது. மகள் ஒற்றை விரலால் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, சரியாகப் பார்ப்பதற்காக, திரைக்கு இன்னும் பக்கத்தில் வந்தாள்.