சிப் முதலில், ஊசி பிறகு

கால்நடை டாக்டர் மார்லேனி, நாய் சுல்காவின் கழுத்துத் தோலுக்கடியில் அடையாளச் சிப்பைச் செலுத்திவிட்டு, கருவியை வைத்துப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டார். பிறகு தடுப்பூசிப் புத்தகத்தைப் புரட்டியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“வெறிநோய் ஊசி எப்பப் போட்டீங்க?”

“மூணு வாரம் ஆச்சு. எங்க தெருவுல முகாம் நடந்துச்சே, அங்க” என்றார் செவேரோ.

“அது செல்லாது ஐயா. முதல்ல சிப், அப்புறம்தான் ஊசி. இல்லைன்னா எந்த நாய்க்குப் போட்டதுன்னு ஐரோப்பாவுல கேப்பாங்க.”

“இதே நாய்க்குத்தான்.”

“எனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாதே.”

மறுபடி ஊசி போட வேண்டும். முப்பது நாள் கழித்து, ஊசி பலித்ததா என்று பார்க்க ரத்தம் எடுத்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு நல்லபடியாக வந்தாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். செவேரோவின் ஸ்பெயின் விமானத்துக்கு இன்னும் ஒன்பதே நாள். கொச்சபாம்பா நகரத்துக்கும் ஒரூரோவுக்கும் இடையே முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர் அவர். மனைவி ஃபோர்துனாதா போன வருடம் இறந்துவிட்டாள். வீட்டை விற்றாகிவிட்டது, சனிக்கிழமை சாவியைக் கொடுக்க வேண்டும்.

ஸ்பெயினில் முர்சியாவில் இருக்கும் மகள் யோபானாவுக்கு போன் போட்டார்.

“அப்பா, நாயை யார்கிட்டயாவது விட்டுட்டு வாங்க. அது என்ன உங்க மேல உயிரையா வச்சிருக்கு? நீங்க கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்காது.”

உண்மைதான். சுல்கா ஃபோர்துனாதாவின் நாய். சந்தையில் ஒரு வெங்காயக் கூடையில் கிடந்ததை எடுத்து வந்து வளர்த்தவள் அவள். செவேரோ சோறு வைத்தால் சாப்பிடும், அவ்வளவுதான்.

“கொஞ்சம் லேட்டா வரேம்மா” என்றார். ஏன் என்று அவள் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

ஊருக்குத் தெற்கே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார். நண்பர்கள் ஏற்கெனவே அவரை வழியனுப்பிவிட்டிருந்தார்கள். ஆளுக்கொரு பாட்டுப் பாடி, சோளக் கள் குடித்து, கட்டிப்பிடித்து அழுதும் தீர்த்திருந்தார்கள். அத்தனைக்கும் பிறகு எந்த முகத்தோடு பழைய தெருவில் போய் நிற்பது? அந்தப் பக்கமே போகாமல் இருந்தார். போனவர் போனவராகவே இருந்துகொண்டார். யாரோடும் பேசாமல் வாரக்கணக்கில் கழிந்தது. வீட்டுச் சொந்தக்காரி மட்டும் துணி காயும் நேரத்தில் நாயை முற்றத்தில் விடாதே என்பாள்.

ஒரு நாள் சந்தையில் பழைய கண்டக்டர் வெலார்தே பார்த்துவிட்டான்.

“என்ன செவேரோ, ஸ்பெயின் இவ்வளவு பக்கத்துலயா இருக்கு? போன வேகத்துல வந்துட்ட.”

“நாய்க்குக் காகிதம் சரியில்லைப்பா.”

“உனக்கு இருக்குல்ல?”

“எனக்கு இருக்கு.”

வெலார்தே சிரித்துக்கொண்டே தோளில் தட்டினான். வீட்டுக்கு வாயேன் என்றான். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமலே இருந்தார்.

ரத்தம் எடுத்த அன்று சுல்கா நடுங்கியது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அது தலையை அவர் அக்குளுக்குள் நுழைத்துக்கொண்டது. ஊசியை எடுத்ததும் தலையையும் எடுத்துக்கொண்டது.

ஆய்வக முடிவு நல்லபடியாக வந்தது. மூன்று மாதமும் ஒருவழியாகத் தீர்ந்தது. ஜனவரியில் கடைசிச் சான்றிதழுக்குப் போனபோது, “புத்தகத்துல உரிமையாளர் பேர் ஃபோர்துனாதான்னு இருக்கே. கூடப் பயணம் போறவர் பேருக்கு மாத்திடலாமா?” என்று டாக்டர் கேட்டார். செவேரோ புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். டாக்டர் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் அவர் பெயரை எழுதினார்.

மாட்ரிட்டில் கேட்கக்கூடிய கேள்விக்கெல்லாம் விமானத்தில் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அதிகாரி கருவியைக் கழுத்தில் வைத்தார், எண் ஒத்துப்போனது, முத்திரை குத்தினார். “போங்க.” ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே யோபானா நின்றிருந்தாள். “அப்பா” என்று ஒரு குரல் கொடுத்தாள். அம்மாவின் குரல் அப்படியே அவளுக்கு. கூண்டுக்குள் சுல்கா எழுந்து நின்றது. ஊளையிட்டது, கம்பியைப் பிறாண்டியது. திறந்துவிட்டதும் பாய்ந்து போய் அவள் முகத்தையெல்லாம் நக்கியது. நாய் வேண்டாம் என்று சொன்னவள் தரையில் மண்டியிட்டு அழுதாள். செவேரோ காகிதக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். அவரை அவள் கட்டிக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று.

முர்சியாவில் யோபானா காலை ஏழு மணிக்குப் பழங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போய்விடுவாள். அவள் போனதும் சுல்கா வாசல் கதவுக்கு முன்னால் படுத்துக்கொள்ளும். செவேரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பார். காது மட்டும் அசையும். சில நாள் கழித்து அவரும் நாற்காலியைக் கதவுப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் வருவதற்கு மாலை ஆறு ஆகும்.